மதகுக்குக் கீழே ஆறுமணிக்குருவி

உட்காரு அம்மணி, இந்தப் பக்கம் வெயில் வராது. என்ற பைய மடில வெச்சுக்கறேன், நீ தாராளமா உட்காரு. கழுத்துல என்ன, பைனாகுலரா? அப்ப ஆவாரங்குளத்துக்குத்தான். கேக்கவே வேண்டியதில்ல. சனிக்கெழம காத்தால ஏழு மணிக்கு, பதினாலாம் நம்பர் பஸ்ல, தொப்பியும் போட்டுட்டுக் கழுத்துல அத்தனை பெருசா ஒண்ணத் தொங்க விட்டுட்டு வேற எங்க போவாங்க, கண்ணாலத்துக்கா?

பறவை, பூச்சி கணக்கெடுக்கற கூட்டத்துல புதுசா சேந்திருக்கறயா? நல்லது. வேலை குடுத்துட்டாங்களா? என்ன குடுத்தாங்க?

பூச்சியா!

அட கருமமே. அந்துப்பூச்சிய உன்ற தலைல கட்டிட்டாங்களாக்கும். பறவைன்னா எல்லாம் போட்டி போட்டுட்டு ஓடுவாங்க. பட்டாம்பூச்சிக்கும் ஆளு கெடைக்கும், படம் அழகா வருமில்ல? அந்துப்பூச்சிக்குத்தான் நாதியில்ல. போன வருஷத்துப் பட்டியலக் கேட்டயா? "இல்ல, நீங்க ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க"ன்னு சொல்லியிருப்பாங்களே. சொன்னாங்களா? சொல்லுவாங்க, சொல்லுவாங்க. வாய் கூசாமச் சொல்லுவாங்க.

நானும் அந்தக் கூட்டத்துல இருந்தவதான். ரெண்டு வருஷம் இருந்தேன். என்னைய யாரும் போகச் சொல்லல, நானாத்தான் நின்னுட்டேன். அத மொதல்லயே சொல்லிப்போடறேன், அங்க போனா வேற மாதிரி சொன்னாலும் சொல்லுவாங்க. எம்பேரு இந்திராணி. இப்ப நான் அங்க வரல. கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன், குளத்துக்கு அடுத்த ஸ்டாப்பு. தை மாசம் ரெண்டாவது கண்ணுக்கு ஆபரேசன் பண்ணினாங்க, அதுக்கு இன்னைக்குக் காட்டோணும்.

கண்ணத்தான் சொல்றேன், காதுக்கு ஒண்ணுமில்ல. என்ற காதப் பத்தி அங்க ஆரக் கேட்டாலும் சொல்லுவாங்க. நான் டெலிபோன் ஆபீசுல ஆப்பரேட்டரா இருந்தவ. முப்பத்தொரு வருஷம். பம்பாய்க்குப் பேசோணும்னா எங்ககிட்ட பதிஞ்சு வெச்சுட்டு அரைநாள் காத்திருக்கற காலம். "ஹலோ"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பேசறது மில் மொதலாளியா, அவரோட கணக்குப்பிள்ளையா, இல்ல மொதலாளியாட்டப் பேசற கணக்குப்பிள்ளையான்னு சொல்லிப்போடுவேன். கம்பில வர்ற கொரலுக்கும் நேர்ல வர்ற கொரலுக்கும் வித்தியாசம் உண்டு, தெரியுமா? கம்பில வந்தா கொரலோட அடிவயிறு போயிரும். மேல்தோல் மட்டும் வந்து சேரும். எங்க ஆபீசுலயே அது என்னையாட்ட ஆருக்கும் தெரியாது. நானாச் சொல்லல, எங்க சூப்பர்வைசர் சொன்னது.

ரிட்டயர் ஆனேன். எங்கூட்டுக்காரரும் போய்ச் சேந்துட்டாரு. ரெண்டு கண்ணுலயும் பொரை. ஒண்ண அறுத்தாங்க, சரியா வரல. ஒலகமே பாலுக்குள்ள போட்ட மாதிரித் தெரியும். வேற என்ன மிச்சம்? காதுதான் மிச்சம். காத்தால குளத்துக் கரைல நடப்பேன், நடக்கறப்ப வாய் சும்மா இருக்காது. "அது மாங்குயில், அது செண்பகம், இந்தப் பொதருக்குள்ள இருக்கறது தவிட்டுக்குருவி, மொத்தம் ஏழு, ஒண்ணு குஞ்சு"ன்னு சொல்லிட்டே போவேன். அத அந்தத் தண்டபாணி கேட்டுட்டாரு. கூட்டத்துக்குத் தலைவர் அவருதான், காலேஜுல செடி கொடி பாடம் நடத்தின புரபசரு. "எப்படிம்மா பாக்காமயே சொல்றீங்க?"ன்னாரு. "நீங்கெல்லாம் எப்படிங்க பாத்தும் சொல்ல மாட்டேங்கறீங்க?"ன்னேன். அன்னைக்கே சேத்துட்டாரு.

சேந்தப்பறந்தான் தெரிஞ்சுது அந்தக் கூட்டத்தோட லட்சணம். ஒருத்தன் லென்சு வெச்சிருந்தான், எங்க போர்வெல் பைப்பு அந்தத் தடிமன் இருக்காது. ஒரு மீன்கொத்திய நானூறு படம் எடுப்பான். அதே மீன்கொத்தி பொறவால இருந்து கத்துச்சுன்னா, "ஆண்ட்டி, அது என்ன?"ன்னு எங்கிட்ட வருவான். நானூறு படம் எடுத்தவனுக்கு அதோட கொரல் தெரியாது! அதுலயும் ஒரு சட்டம் வெச்சிருந்தாங்க. எதக் கண்டாலும் படம் இருக்கோணும், இல்லாட்டி ஒலிப்பதிவு இருக்கோணும், அப்பத்தான் பட்டியல்ல ஏத்துவாங்களாம். நான் முடியாதுன்னுட்டேன். நான் கேட்டேன்னா கேட்டேன். லைன் பிசின்னு நான் சொன்னா பிசிதான், ஆரும் சாட்சி கேட்டதில்ல. புரபசர் யோசிச்சாரு, கடைசில ஒத்துக்கிட்டாரு. பட்டியல்ல எனக்குன்னு தனியா ஒரு கட்டம் போட்டாரு. "காதால் கேட்டது: இந்திராணி." அப்படி ஒரு கட்டம் அங்க வேற ஆருக்கும் இல்ல, அம்மணி. ஊட்டுக்கு வந்து அந்தக் காயிதத்த எத்தனை தடவ தடவிப் பாத்திருப்பேன் தெரியுமா.

சரி, உன்ற பூச்சிக்கு வர்றேன்.

உனக்கு முன்னால பூச்சி பாத்தவர் பேரு திருமூர்த்தி. கடைவீதில கண்ணாடிக் கடை வெச்சிருக்கறாரு, மூக்குக் கண்ணாடி. பொஞ்சாதி இல்ல. காத்தால அஞ்சே முக்காலுக்கெல்லாம் குளத்துக்கு வந்துருவாரு. வந்து எங்க போவாருங்கற? கக்கூசுக்கு. சிரிக்காத, நெசம். கரை மேல ஒரு பொதுக் கக்கூசு இருக்குது பாரு, வெள்ளையடிச்ச செவுரு, ராமுச்சூடும் ட்யூப்லைட் எரியும். அந்த வெளிச்சத்துக்கு வந்த அந்துப்பூச்சியெல்லாம் விடியறப்ப செவுத்துல ஒட்டிட்டு இருக்குமாம். கூட்டற பழனாத்தா வந்து தண்ணியடிச்சுக் கழுவறதுக்குள்ள இவரு ஒண்ணொண்ணா எண்ணி, அளந்து, படம் புடிச்சு, நோட்டுல எழுதோணும். ஒலகத்துல எத்தனையோ செவுரு இருக்க, மனுஷன் புடிச்ச செவுத்தப் பாரு!

அதுங்களுக்கு இங்கிலீசுல பேரு இருக்கும், தமிழ்ல பேரில்ல. அதனால இவரே பேரு வெச்சுக்குவாரு. ஒண்ணுக்குச் சாம்பல் முக்காடு. ஒண்ணுக்குக் கிழிஞ்ச காயிதம். ஒண்ணு மாப்பிள்ளைச் சால்வை, ஒண்ணு எச்சக் கறை, ஒண்ணு பழைய சட்டைப் பை. தட்டாம்பூச்சிக்கு வெச்ச பேரு கம்பவுண்டர், ஊசியாட்டம் இருக்குதாம். இதெல்லாம் ஒரு பேரா? வேலையத்த வேலை. இருநூத்திப் பதினாலு பூச்சி. எனக்கு ஒண்ணு விடாமத் தெரியும், ஏன்னா நடக்கறப்ப எல்லாம் எங்கிட்ட ஒப்பிச்சுட்டே வருவாரு. வேண்டாம்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு.

ஒருக்கா அந்தக் கக்கூசுனால பெரிய லொள்ளாயிப்போச்சு. பொம்பளைங்க பக்கத்துச் செவுத்துல என்னமோ பெரிய பூச்சி உட்காந்திருக்குது. இவரு மூக்கு இடிக்கற தூரத்துல நின்னு செல்போன்ல படம் புடிக்கறாரு. உள்ள இருந்து ஒரு பொம்பள வெளிய வந்தா, பாத்தா, போட்டா ஒரு சத்தம். கூட்டம் கூடி, போலீஸ்காரரே வந்துட்டாரு. இந்த மனுஷன் வாயத் தொறக்கோணுமில்ல? "பூச்சிங்க, பூச்சிங்க"ன்னே நிக்கறாரு. நான்தான் நடுவுல புகுந்தேன். "ஏனுங்க சார், இவர நல்லாப் பாருங்க. இவரு பொம்பளைன்னாலும் ரெக்கை இருக்குதா இல்லையான்னு கேக்கற ஆளு. செல்லை வாங்கிப் பாருங்க, உள்ள அத்தனையும் பூச்சிதான் இருக்கும்"ன்னேன். பாத்தாரு, இருந்துச்சு, சிரிச்சுட்டே போயிட்டாரு. அடுத்த நாள் எனக்கு நன்றி சொல்ல வந்தாரு இந்தாளு. "பேசத் தெரியாதவரு எதுக்குங்க வெளிய வர்றீங்க?"ன்னு கேட்டு அனுப்பிச்சேன்.

பூச்சியோட இருந்திருக்கோணும் அவரு. எங்கூடப் பறவை நடைக்கும் வரோணும்னு ஆசை. போன வருஷம் சித்திரைல ஒரு நாள் வந்தாரு. அரசமரத்துல குக்குறுவான் கத்துது, டொக் டொக் டொக்குனு. பச்சைப் புள்ளைக்குத் தெரியும் அது. இவரு நின்னு கேட்டுட்டு, "இத்தனை காத்தால ஆருங்க பட்டறைல தகரம் தட்டறாங்க?"ங்கறாரு. நானு சும்மா இருப்பனா? எல்லார்த்தையும் கூப்பிட்டேன். "இங்க வாங்க, கண்ணாடிக் கடைக்காரர் குக்குறுவானைப் பட்டறைல சேத்து உட்டுட்டாரு"ன்னேன். லென்சுக்காரன் வயித்தப் புடிச்சுட்டுச் சிரிக்கறான். அதோட விட்டனா? "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி உடறீங்களே, உங்க காதுக்கு ஒண்ணு மாட்டப்படாதுங்களா? செவுத்துப் பூச்சியே உங்களுக்குச் செரி. அதுதான் வாயத் தொறக்காது"ன்னேன்.

அவரும் சிரிச்சாரு. சிரிக்கத்தான் செஞ்சாரு, நான் பாத்தேன். அதாவது கேட்டேன்.

அதுக்கப்பறம் பறவை நடைக்கு வரல. செவுத்து வேலை முடிஞ்சதும் மதகுக்குக் கீழ எறங்கிருவாரு, தண்ணி இல்லாத காலம், கல்லுப் படி காஞ்சு கெடக்கும். அரைமணி நேரம் ஆளக் காணாது. பீடி குடிக்கப் போறாராட்ட இருக்குதுன்னு நான் நெனச்சுட்டேன்.

அந்தச் சமயத்துலதான் வடகரைல படகுத்துறை கட்டப் போறோம்னு சுற்றுலா ஆபீசுக்காரங்க வந்தாங்க. வடகரைன்னா தாழம்பொதரு. அரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு, ஆள் நொழைய முடியாது, குருவி முச்சூடும் அதுக்குள்ளதான் முட்டை வெக்கும். அதப் புடுங்கிட்டுப் படகு உடறாங்களாம். புரபசர் நடையா நடந்தாரு. கடைசில அந்த ஆபீசுல, "எதாவது முக்கியமான பறவை அங்க கூடு வெக்குதுன்னு காட்டுங்க, துறைய தென்கரைக்கு மாத்தறோம்"னு சொல்லியிருக்கறாங்க. பத்து நாள் கெடு. அங்க இருந்ததெல்லாம் காக்காயும் கொக்கும் கானாங்கோழியும். காக்காய்க்காக ஆரு துறைய மாத்துவாங்க?

வைகாசி ரெண்டாந்தேதி. காத்தால ஆறு மணி. மதகுப் பக்கம் நான் போறேன், அந்தத் தாழம்பொதர ஒட்டித்தான் மதகு, கூவுச்சு பாரு. ரெண்டே சத்தம், விசிலடிச்ச மாதிரி, ஒண்ணு ஏறும், ஒண்ணு எறங்கும். ஆறுமணிக்குருவி! உனக்குத் தெரியுமில்ல, அது பனிக்காலத்துக்குத்தான் நம்ம பக்கம் வரும், சித்திரை முடியறதுக்குள்ள வடக்க போயிரும். வைகாசில இங்க இருக்குதுன்னா போகலேன்னு அர்த்தம். போகலேன்னா கூடு கட்டியிருக்குதுன்னு அர்த்தம். கரை மேல ஓடினேன், இந்தக் கண்ண வெச்சுட்டு. சொன்னேன். புரபசர் என்ற ரெண்டு கையையும் புடிச்சுட்டு, "இந்திராணியம்மா, இந்தக் குளத்தைக் காப்பாத்திட்டீங்க"ன்னாரு. லென்சுக்காரன், "ஆண்ட்டி, படம்..."ன்னு இழுத்தான். "இந்தம்மா காதுக்குப் படம் எதுக்குடா?"ன்னு அவனை அதட்டினாரு.

நாலு நாள் கேட்டுச்சு. நாலு நாளும் ஆறு மணிக்கே, மதகுப் பக்கமே. பட்டியல்ல மொத நம்பர் அதுதான், என்ற கட்டத்துல, என்ற கையெழுத்தோட.

சுற்றுலா ஆபீசுல இருந்து வந்தாங்க. ஒரு எஞ்சினியரம்மா, கூட ஒரு பெரியவரு. காட்டுலயே வேலை பாத்தவராம், பறவைல புலியாம். கொரல் ரொம்ப மெதுவு, பேசறாரா மூச்சு உடறாரான்னே தெரியாது. நாங்க ஒரு பதினஞ்சு பேரு கரைல நிக்கறோம். திருமூர்த்தியும் ஓரமா நிக்கறாரு, அவருக்கு அதுவரைக்கும் எதுக்கு இந்தக் கூட்டம்னே சரியாத் தெரியாது, பூச்சி நோட்டோட வந்து நின்னாரு. ஆறு மணி ஆச்சு. ஆறே கால் ஆச்சு. ஒண்ணுங் கூவல. பெரியவரு என்னையக் கேட்டாரு, "எங்கிருந்தும்மா கேட்டுச்சு?" மதகுப் பக்கம்னேன். "வேற எதாவது சத்தம் கூடக் கேட்டுச்சா?" நாய் கொரைச்சுதுன்னேன். "எப்ப கொரைக்கும்?" மூணாவது கூவலுக்கு அப்பறம், ஒரு தடவன்னேன். "நாலு நாளுமா?"ன்னாரு. நாலு நாளுந்தான், அச்சு மாறாமன்னேன்.

நாலு நாளும் ஒரே எடத்துல நாய் கொரைச்சா அது பதிவுக்குள்ள இருக்கற நாய்தானே. பெரியவரு புரபசரைப் பாத்து, இங்க ஆராவது பதிவு பண்ணின கொரலப் போட்டீங்களான்னு கேக்கறாரு. செல்போன்ல இருக்கற கொரலப் போட்டு பறவையக் கூப்பிடறது பெரிய தப்பு, தெரியுமில்ல? அந்தக் கூட்டத்துல அதப் பண்ணினா ஆள வெளிய தள்ளிருவாங்க.

அப்ப வந்தாரு திருமூர்த்தி. ஓரத்துல இருந்தவரு முன்னால வந்து, "நான்தாங்க"ன்னாரு. "செல்போன்ல நான் போட்டனுங்க. வேணும்னேதான். அந்தம்மாவோட காத ஏமாத்த முடியுமான்னு பாக்கலாம்னு, வெளையாட்டுக்குங்க."

வெளையாட்டுக்காம்! அன்னைக்கு நான் பேசின பேச்சு இருக்குதே, குளத்துல இருந்த கொக்கெல்லாம் எந்திரிச்சுப் போயிருச்சு. "நீயெல்லாம் மனுஷனா? ஒரு குளத்தையே அழிச்சுட்டயே"ன்னு கேட்டேன். அதுவரைக்கும் வாங்க போங்கன்னவ, எல்லார் முன்னாலயும் நீ வா போன்னு பேசினேன். தலையக் குனிஞ்சுட்டே நின்னாரு.

எஞ்சினியரம்மா நோட்ட மூடிட்டாங்க. "இதுல எது நெசம், எது செல்போன்னு எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"னு மொத்தப் பட்டியலையும் திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. ஆடில பொக்லைன் வந்துச்சு. தாழம்பொதர் முச்சூடும் ரெண்டே நாள்ல சுருட்டி வெச்சுட்டாங்க. திருமூர்த்தியைக் கூட்டத்துல இருந்து எடுத்தாச்சு. ஏமாத்துக்காரர் எழுதினது எதையும் நம்ப முடியாதுன்னு அவரோட நாலு வருஷத்துப் பூச்சியையும் சேத்து அடிச்சாச்சு. செவப்பு மையில, இருநூத்திப் பதினாலையும். அதனாலதான் நீ இன்னைக்கு ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கப் போற, புரியுதா?

என்னைய எல்லாரும் தாங்கினாங்க. "பாவம் அந்தம்மா, எப்படி ஏமாத்திப்போட்டான்"னு. லென்சுக்காரன் டீ வாங்கிக் குடுத்தான். அந்த டீயக் கரைலயே கீழ ஊத்திட்டேன். ரெண்டு வாரம் போனேன், அப்பறம் போகல.

இது எந்த ஸ்டாப்பு, ரைஸ்மில்லா? இன்னும் மூணு இருக்குது.

இந்தப் பைல என்னன்னு பாக்கறயா? பாரு, பரவால்ல. நோட்டுத்தான். அவரோடதுதான். வெளிய தள்ளின அன்னைக்கே பழனாத்தாகிட்டக் குடுத்து எங்கிட்டச் சேக்கச் சொல்லிட்டாராம். எனக்கு எதுக்கு? தூக்கிப் பரண்ல போட்டேன். அப்ப கண்ணும் தெரியாது, படிக்கவும் முடியாது. தை மாசம் ஆபரேசன் ஆச்சு. கட்டுப் பிரிச்சு ஒரு வாரத்துல, எழுத்துத் தெரியுதான்னு பாக்கலாம்னு எதையோ தேடினப்ப இது கைல மாட்டுச்சு.

முன்னால இருந்து படிச்சா அத்தனையும் பூச்சி. தேதி, நேரம், எத்தனை, செவுத்துல எந்த எடம். ஒரு நாள் விடல, அவருக்குக் காய்ச்சல் வந்த நாளுங்கூட இருக்குது, "காய்ச்சல், ஒன்பது பூச்சி"ன்னு. ஒண்ணுக்கு ஆப்பரேட்டர்னு பேரு வெச்சிருக்கறாரு. அத எங்கிட்ட ஒப்பிக்கவே இல்ல. தலைல ரெண்டு பக்கமும் இறகு மாதிரி மீசையாம், ஹெட்போன் மாட்டின மாதிரி இருக்குதாம். "சுவரில் மற்ற பூச்சிகளிலிருந்து தள்ளியே உட்காரும். அருகில் போனாலும் அசையாது"ன்னு எழுதியிருக்கறாரு. எவ்வளவு கொழுப்பு பாரு.

பொறவால இருந்து படிச்சா பறவை. எழுத்து வரிசைப்படி ஒவ்வொரு கொரலா, செல்போன்ல போட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கறாரு. அக்காக்குயில், நாலு நாள். ஆட்காட்டி, மூணு நாள். அப்பறம், இரு, கண்ணாடி போட்டுக்கறேன், நானே படிக்கறேன். "ஆறுமணிக்குருவி. இரண்டு சத்தம், முதலாவது மேலே போகிறது. நான்கு நாளாயிற்று, இன்னும் மனதில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு இந்திராணியம்மாவுடன் நடைக்குப் போக வேண்டும். அதுவரை அவருக்குத் தெரிய வேண்டாம், சிரிப்பார்."

பாத்துக்கிட்டயா? ஏமாத்தவும் இல்ல, வெளையாடவும் இல்ல. மதகுக்குக் கீழ உட்காந்துட்டுப் பாடம் படிச்சிருக்குது அந்தப் பைத்தியம். நெசத்தச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல? "பழகிட்டிருந்தனுங்க, அந்தம்மா தப்பாக் கேட்டுட்டாங்க"ன்னு. சொல்லியிருந்தா அவரு பேரு கெட்டிருக்காது. பூச்சிய அடிச்சிருக்க மாட்டாங்க. என்ற காதுதான் கெட்ட காதுன்னு ஆயிருக்கும், அவ்வளவுதான். ஆயிட்டுப் போகட்டுமே! ஆரு இவரைப் பொய் சொல்லச் சொன்னாங்க? ஆரு கேட்டா? முட்டாளு, வடிகட்டின முட்டாளு. அத்தனை பேர் முன்னால நான் வஞ்சுட்டிருக்கறேன், வாங்கிட்டு நிக்குது.

என்ன கேக்கற? ஆமா... அதெப்படி எனக்குத் தெரியாமப் போகும்னு கேக்கற. கெட்டிக்காரிதான் நீ. கம்பிக் கொரலுக்கும் நேர்க் கொரலுக்கும் வித்தியாசம் தெரியும்னு நான்தானே சொன்னேன். இத்தனை பேர்ல அத நீதான் கேக்கற. அந்தப் பெரியவருகூடக் கேக்கல.

மொத நாள் தெரியல. சத்தியமாத் தெரியல, தூரத்துல இருந்தேன், அவ்வளவு ஆசையா இருந்துச்சு. ஓடிப் போய்ச் சொல்லிட்டேன். ரெண்டாம் நாள் மதகு மேலயே போய் நின்னேன். கூவுச்சு. அடிவயிறு இல்ல, அம்மணி. மேல்தோல் மட்டுந்தான். மூணு கூவல், ஒரு நாய். மறுபடி மூணு கூவல், அதே நாய். அப்பறம் கீழ இருந்து ஒரு கனைப்பு. அந்தக் கனைப்பு எனக்குத் தெரியாதா? நாலு வீதி தள்ளி இருந்து கனைச்சாலும் தெரியும்.

தெரிஞ்சும் கரைக்குத் திரும்பி வந்தேன். புரபசர் நிக்கறாரு, "இன்னைக்கும் கேட்டுச்சுங்களா?"ன்னாரு. அந்த மனுஷன் மூஞ்சி எனக்குச் சரியாத் தெரியாது, கொரல் தெரியுதே. கேட்டுச்சுன்னேன். அப்பறம் மூணாம் நாளும் கேட்டுச்சுன்னேன், நாலாம் நாளும் கேட்டுச்சுன்னேன், கையெழுத்தும் போட்டேன். என்ற கட்டம் போயிரும்னு பயந்துட்டேன். அது போயிட்டா நான் ஆரு? கண்ணுந்தெரியாத ஒரு கெழவி, காத்தால நடக்கறவ. அவ்வளவுதானே? அதுக்காகத்தான். குளத்துக்காகன்னெல்லாம் சொல்ல மாட்டேன்.

நாயப் பத்தி எதுக்குச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கே தெரியல. அவரு கேட்டாரு, வாயில வந்துருச்சு.

கக்கூசுகிட்ட அன்னைக்கு அவருக்காகப் பேசறதுக்கு எனக்கு வாய் இருந்துச்சு. அன்னைக்குப் பேசினா எனக்கு ஒண்ணும் கொறையாது, அதான் பேசினேன். கரைல பேசியிருக்கோணும். பேசினதென்ன, அவரையே வஞ்சேன். இத ஆர்கிட்டயும் சொன்னதில்ல. உன்ற பேரு கூட எனக்குத் தெரியாது, உங்கிட்டச் சொல்றேன், பாரு. தெரியாதவங்க காதுல சொல்லியே பழகின பொழப்பு.

இன்னைக்கு எதுக்குக் கூட்டம்னு உனக்குத் தெரியுமில்ல? குளத்தச் சுத்தி டவர் லைட்டு போடறாங்களாமே. விடிய விடிய எரியுமாம். பூச்சிக்கு என்ன ஆகும்னு நாலு வருஷக் கணக்கு காட்டினா நிறுத்தலாம்னு புரபசர் மனுப் போடறாராமா? ஆமா, பழனாத்தா சொன்னா. நாலு வருஷக் கணக்கு அவர்கிட்ட எங்க இருக்குது? இந்தப் பைல இருக்குது. அதனால ஒண்ணு பண்ணு, அம்மணி. இந்தா, நோட்டப் புடி. நீயே கொண்டு போய்க் குடு. பஸ்ல கெடந்துச்சுன்னு சொல்லு. என்ற பேரச் சொல்லாத.

ஏன் தலைய ஆட்டற? வாங்க மாட்டாங்களா?

சரிதான். ஏமாத்துக்காரரோட நோட்டுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. அவரு ஏமாத்தலேன்னு ஆரு சொல்லுவாங்க? அவரு சொல்ல மாட்டாரு. அவரு கடைல உட்காந்து அடுத்தவங்க கண்ணுக்கு அளவெடுத்துட்டு இருப்பாரு. பின்னால இருக்கற பக்கத்தப் படிச்சுக் காட்டலாம்தான். அது பாடம் படிச்சாருன்னுதான் சொல்லும். எனக்குத் தெரியும்னு அதுல எங்கயும் எழுதியில்லையே.

இந்தப் பஸ்ல இது மூணாவது சனிக்கெழம. மொத சனிக்கெழம ஆஸ்பத்திரில வரச் சொல்லவே இல்ல, நானாத்தான் கெளம்பினேன். நோட்டோட வர்றேன், குளத்து ஸ்டாப்பு வருது, உட்காந்தே இருக்கறேன், ஆஸ்பத்திரில எறங்கி அடுத்த பஸ்ல ஊட்டுக்குப் போறேன். அந்தக் கண்டக்டரக் கேளு, சொல்லுவாரு.

அதா, கரை தெரியுது. நல்லாத் தெரியுது இப்ப. வடகரை எப்படி மொட்டையாக் கெடக்குது பாரு. பொதர் இருந்தப்ப எனக்குப் பச்சையா ஒரு மங்கல்தான் தெரிஞ்சுது, போனப்பறம் கண்ணு வந்திருக்குது. ஆரு ஆரு நிக்கறாங்க? ஊதாச் சட்டை புரபசராட்ட இருக்குது. இவ்வளவு வயசாயிப்போச்சா அவருக்கு?

எந்திரி அம்மணி, நீ எறங்கோணும்.

நோட்டக் குடு இங்க. உங்கிட்ட எதுக்கு அது? கண்டக்டர் தம்பி, நிறுத்துப்பா, ரெண்டு பேர் எறங்கறோம். டிக்கெட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் இருக்குது, இருந்துட்டுப் போகட்டும்.

என்னைய அப்படிப் பாக்காத. அந்த மனுஷனுக்காக ஒண்ணுமில்ல, பூச்சிக்காகத்தான். முப்பத்தொரு வருஷம் ஒருத்தர் மூஞ்சியும் பாக்காமயே பேசினவ நான். இத மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லோணும். இந்தக் கண்ணு வந்து தொலைச்சிருக்குது பாரு, எல்லார் மூஞ்சியும் தெரியும். கையக் குடு அம்மணி. படி நல்லாத்தான் தெரியுது, நீ கையக் குடு.